நீதிபதி வீட்டு மவுத்பீஸ்

அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் பிழைப்பு வாயில்தான். மாடியில் கணவர், பல் டாக்டர். கீழே மனைவி, பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். நசுங்கிய டிரம்பெட்டை நிமிர்த்துவது, இறுகிப்போன டிராம்போனை வழுக்கி ஓடவைப்பது எல்லாம் செய்வாள். ஆனால் அவள் பெயர் பரவியது வேறு காரணத்தால். வாத்தியத்தின் முனையில் உதட்டை வைத்து ஊதுகிற அந்தச் சின்னப் பித்தளைக் கிண்ணம் இருக்கிறதே, மவுத்பீஸ், அதில் எவ்வளவு பழசை, எவ்வளவு கோணலை நீட்டினாலும் கையில் வாங்கி ஒரு உருட்டு உருட்டிவிட்டு, இது இன்ன வாத்தியத்துடையது, இன்ன காலத்தது என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு நிறுத்தவும் மாட்டாள். இதை ஊதியவன் உதடு தடித்தவன், அவசரக்காரன், ஊதி முடித்ததும் துடைக்காமல் பையில் போடுகிற சோம்பேறி என்பது வரை போவாள். அவளுக்கு வாய்க்காரி என்று பெயர் விழுந்தது. மவுத்பீஸுக்காக விழுந்ததா, பேச்சுக்காக விழுந்ததா என்று யாரும் விளக்கவில்லை. அவளும் கேட்டுத் தெரிந்துகொள்ள முயலவில்லை.

கணவர் அதற்கு நேரெதிர். பகலெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் கிடப்பவர்களோடு பழகியதால், பதில் பேசக்கூடியவர்களிடம் என்ன பேசுவதென்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. வீட்டில் "ம்" என்பார். அதிலேயே சம்மதம், மறுப்பு, உப்பு குறைவு எல்லாம் அடக்கம்.

கடைக்கு வருகிறவை எல்லாம் மவுத்பீஸாகவும் இருந்துவிடுவதில்லை. சைக்கிள் பம்பின் மூடி வந்திருக்கிறது. கதவுக் குமிழ் வந்திருக்கிறது. ஒருவர் வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பொருளைப் பார்த்து, "இது ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊத்துற புனல்ங்க" என்று சொன்னதிலிருந்து அந்த மனிதர் அவளைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுகிறார்.

ஒரு நாள் காலை ஜட்ஜ் ஐயா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தீர்ப்புச் சொல்லும் பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. காபி ஆறியிருந்தால்கூடக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்த பிறகுதான் தம்ளரைக் கீழே வைப்பார். பழைய வாத்தியங்கள் சேகரிப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வீடு நிறையக் கொம்பும் குழலும் வைத்திருந்தாலும் ஒன்றைக்கூட ஊதத் தெரியாது.

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை ஒன்றை எடுத்து, உள்ளே குருவிக்குஞ்சு இருப்பதுபோல் மெல்லப் பிரித்தார்.

"என்னன்னு நீங்க சொல்ல வேணாம்மா. அது எனக்கே தெரியும். கண்காட்சியில கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாடி ஒரு அட்டை வைப்போம்ல, அதுல உங்க பேரு இருந்தா போதும்."

"தெரியுமா? என்னது ஐயா இது?"

"குதிரைப்படை வாத்தியம். அழிஞ்சே போச்சு. இது மட்டும்தான் மிச்சம். இந்த விளிம்புல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. பாதி வாயால ஊதுவாங்க. மிச்சப் பாதி வாயால குதிரைக்குக் கட்டளை குடுப்பாங்க."

வாய்க்காரி அதை வாங்கிப் பார்த்தாள். வட்டமாக இருக்கவேண்டிய விளிம்பு ஒரு பக்கம் வழுவழுப்பாகத் தாழ்ந்து, குழந்தை கடித்த பிஸ்கட்போல் இருந்தது. கீழே விழுந்து நசுங்கியதில்லை. நசுங்கினால் அந்தப் பித்தளை வேறெங்காவது பிதுங்கியிருக்கும். இது யாரோ வேண்டுமென்றே எடுத்த பள்ளம்.

"எங்கேருந்து வந்துச்சு ஐயா?"

"வெளிநாட்டுல ஒரு ஏலம்" என்றார் அவர், மேலே மின்விசிறியைப் பார்த்தபடி. "அடுத்த வாரம் அட்டை அச்சுக்குப் போயிடும்."

அவர் போனதும் வாய்க்காரி கண்ணாடி முன் நின்று ஒரு டிரம்பெட்டைப் பாதி வாயால் ஊதிக்கொண்டே மிச்சப் பாதியால் "நில்லு" என்று சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று.

பிறகு முறைப்படி ஆரம்பித்தாள். மவுத்பீஸின் அடிப்பக்கம் வாத்தியத்துக்குள் நுழைகிற பகுதியைக் கடையில் காம்பு என்பார்கள். எந்தக் குழாயில் காம்பு கச்சிதமாக உட்கார்கிறதோ, அதுதான் அதன் வாத்தியம். டிரம்பெட்டில் நுழையவே இல்லை. டிராம்போனில் பெரியவர் செருப்பில் சின்னப்பிள்ளை கால்போல் தொளதொளவென்று ஆடியது. பெஞ்சுக்கு அடியில் யாரும் திரும்பிக் கேட்காமல் கிடந்த, மடியில் வைத்து ஊதுகிற ஆல்டோ ஹார்னை இழுத்துத் தூசி தட்டி அதில் வைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது. ஆனால் ஆல்டோ ஹார்னுக்குக் கிண்ணம் அகலமாக இருக்க வேண்டும். இதில் டிரம்பெட்டின் குட்டித் தம்பியான கார்னெட்டுக்கு இருப்பதுபோல் குறுகலாக இருந்தது. கிண்ணம் ஒரு குடும்பம், காம்பு வேறு குடும்பம். இவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த புண்ணியவான் யார்?

அவளுக்குப் புரியவில்லை. கையில் வாங்கிய மவுத்பீஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புதிது. கடையில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போனது. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து பல் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் இறங்கி வந்தார்.

"உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். யோசிக்கிறேங்க."

"ம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது கவலையான "ம்".

கிண்ணத்தின் உள்வடிவத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் அச்செடுப்பதுதான் வழி. கணவரிடம் பல் அச்செடுக்கிற இளஞ்சிவப்புப் பசை இருந்தது. அவர் அடுத்த நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தபோது ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு வந்து, மவுத்பீஸில் அப்பி, விளிம்பையும் மூடி, இறுகியதும் உருவினாள். ரோஸ் நிறத்தில் காளான்போல் ஒன்று வந்தது. அதைக் காயவைக்கச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மத்தியானம் சாப்பிட வந்த பல் டாக்டர் கரண்டியை எடுக்கப்போய் காளானை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு அந்த மாதம் முழுவதற்குமான பேச்சை ஒரே மூச்சில் பேசினார்.

"மேல் வரிசை, இடது பக்கம், தெத்துப்பல். நல்லா முன்னாடி ஏறி, கொஞ்சம் திரும்பி வேற நிக்குது. அந்தப் பல்லு இடிக்காம இருக்கத்தான் விளிம்பை அராவியிருக்காங்க. இப்படி ஒரு தெத்துப்பல்லை நான் ஒரே ஒரு வாயிலதான் பாத்திருக்கேன். எடுத்துடலாம்னு எத்தனை தடவை சொல்லியாச்சு, கேட்டாத்தானே. அட, இவங்களுக்கு எதுக்கு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எவங்களுக்குங்க?"

"சோறு போடு."

"யாருன்னு சொல்லுங்க, போடுறேன்."

"வைத்தியத்துக்கு வர்றவங்க வாயில என்ன இருக்குன்னு வெளியில சொல்லக்கூடாது. தொழில் தர்மம்."

"நான் என்ன வெளியிலயா இருக்கேன்? உங்க பொண்டாட்டிங்க!"

"ம்" என்றார். அது பூட்டுப்போட்ட "ம்". அதற்குச் சாவி கிடையாது என்று அவளுக்கு அனுபவத்தில் தெரியும். அவரே எழுந்துபோய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டார்.

ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு "இவங்க" விழுந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆணா பெண்ணா என்று பிடிக்க முடியாது. மரியாதைக்குரிய ஆள், வயதில் பெரியவர் என்பது மட்டும் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இந்த ஊரில் இருக்கிற வாய்க்கு அராவிய மவுத்பீஸ் வெளிநாட்டு ஏலத்துக்கு எப்படிப் போகும்?

மறுநாளிலிருந்து வாய்க்காரி தெத்துப்பல் தேடிக் கிளம்பினாள். யார் வாயையும் திறக்கச் சொல்ல அவள் பல் டாக்டர் இல்லை. சிரிக்கவைத்தால்தான் உண்டு. கஷ்டம் என்னவென்றால், ஓயாமல் பேசத் தெரிந்த அவளுக்கு நகைச்சுவை மட்டும் வராது. ரொட்டிக் கடைக்காரரிடம் ஒரு ஜோக்கை ஆரம்பித்து, முடிவு மறந்துபோய், நடுவிலேயே தானாகச் சிரித்து வைத்தாள்.

"ஏம்மா என் வாயையே பாக்குறீங்க? ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைத்த வாயில் தெத்துப்பல் இல்லை.

தபால்காரம்மா தாராளமாகச் சிரிப்பவர். பல் எல்லாம் வரிசையில் நின்றது. பஸ் கண்டக்டர் இவள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு அடுத்த நிறுத்தம்வரை வெட்கப்பட்டுக்கொண்டே வந்தார். இரும்புக் கடைக்காரர் எதற்கும் உதட்டைப் பிரிக்காத ஆள். அவர் காலை வேறு வழியில்லாமல் கொஞ்சம் அழுத்தி மிதித்தாள். "ஆ!" என்ற அந்த வாய் முழுக்கப் பொய்ப்பல். மன்னிப்புக் கேட்டுவிட்டு, தேவையில்லாத ஒரு தாழ்ப்பாளையும் வாங்கிக்கொண்டு வந்தாள். சங்கத்தில் ஜட்ஜ் ஐயாவையே ஒருமுறை கொட்டாவி விட வைத்தாள். அதற்கு ஜோக் தேவைப்படவில்லை, பேச்சே போதுமானதாக இருந்தது. அவர் பற்களில் கோணல் இல்லை.

வாரக் கடைசியில், மெல்லிய துணியால் காம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இன்னொரு விஷயம் அகப்பட்டது. தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மஞ்சள் பித்தளை, கீழே கொஞ்சம் செம்பட்டை. காம்பின் மேல் யாரோ ஒரு உறை போட்டுப் பற்றவைத்து, அராவி, கண்ணுக்குத் தெரியாமல் செய்திருக்கிறார்கள். அப்படியென்றால் இது கார்னெட் மவுத்பீஸ்தான். ஆல்டோ ஹார்னில் பொருந்துவதற்காக அதைத் தடிமனாக்கியிருக்கிறார்கள். குதிரை அந்தக் கோட்டோடு ஓடிப்போனது.

அட்டையில் தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்ல, ஆல்டோ ஹார்னையும் சாட்சிக்குத் தூக்கிக்கொண்டு ஜட்ஜ் ஐயா வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவர் அவருடைய அக்கா. ஜட்ஜ் ஐயாவையே கையைக் கட்டி நிற்க வைக்கிறவர் என்று பேர். அவர் சிரித்துப் பார்த்ததாகச் சொல்பவர் யாரும் கிடையாது. பேசும்போதும் உதட்டை அளவாகத்தான் பிரிப்பார்.

"உள்ள வாம்மா. மூக்கைப் பொத்திக்கோ. மருந்து அடிச்சிருக்கான்."

வீடெல்லாம் பூச்சிமருந்து நெடி. ஜட்ஜ் ஐயா கையில் மருந்துக் குப்பியோடு கூடத்துச் சுவரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குளவிம்மா. எங்கேயோ கூடு கட்டியிருக்கு. மத்தியானம் கண்ணசந்தா போதும், ஙொய்ங்குது. எழுந்து வந்தா நின்னுடுது. ஆள் வெச்சுக்கூடத் தேடிட்டேன், அகப்படல. போகட்டும். அட்டைக்குக் கையெழுத்துப் போட வந்தீங்களா?"

"அதான் ஐயா பேச வந்தேன். இது குதிரைப்படை சாமான் இல்லை."

ஜட்ஜ் ஐயா குப்பியைக் கீழே வைத்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிர்த்தரப்பை முழுசாகக் கேட்டுவிட்டுத் தள்ளுபடி செய்யும் முகம் வந்துவிட்டது. அக்கா காபித் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"வேற எப்படி இந்தப் பள்ளத்தை விளக்குவீங்க? கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கம்மா. போர்க்களம். குதிரை பாயுது. வீரன் ஒரு கையில கொடி, ஒரு கையில வாத்தியம். கடிவாளத்துக்குக் கை ஏது? அதனால வாயோட வலது பாதியில ஊதுறான். இடது பாதியில, 'திரும்பு, நில்லு, ஓடு'ன்னு குதிரைக்குச் சொல்றான். குதிரையும் வலது காதால சங்கீதத்தைக் கேட்டுக்கிட்டு இடது காதால..."

தட்டிலிருந்த தம்ளர்கள் கலகலத்தன. அக்காவின் தோள் குலுங்கியது. உதட்டை இறுக்கிப் பார்த்தார். மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அப்புறம் தட்டைத் தொப்பென்று மேசையில் வைத்துவிட்டு, வாய்விட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

மேல் வரிசையில், இடது பக்கம், முன்னால் ஏறி, கொஞ்சம் திரும்பி நின்றது ஒரு தெத்துப்பல்.

வாய்க்காரிக்குப் பேச்சு வரவில்லை. விரலை மட்டும் நீட்டினாள்.

"டேய், குதிரையாவது, கொடியாவது!" என்று அக்கா மூச்சு வாங்கினார். "அது என் தையல் மெஷின் டிராயர்ல இருந்த சாமான்டா. காணோமேன்னு வாரக்கணக்கா வீட்டையே புரட்டிப் போட்டுட்டேன். நீதான் எடுத்தியா?"

"இல்லக்கா... அது வந்து... ஏலத்துல..."

"எந்த ஏலத்துல? என் பாபின் டப்பாவுக்கும் ஊசிக்கும் நடுவுல நடந்த ஏலத்துலயா?"

எத்தனையோ பேரைக் கூண்டில் நிற்கவைத்தவர் இப்போது தன் வீட்டு நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தார். தையல் மெஷினில் கிடைத்தது என்று எழுதினால் கண்காட்சியில் யார் மதிப்பார்கள் என்று தோன்றியதாம். ஏலம் என்று ஒரு பொய் சொன்னதும், அதற்குத் தகுந்த மாதிரி ஒரு குதிரையும் தேவைப்பட்டுவிட்டதாம்.

"பெரியம்மா, உங்களுக்கு ஊதத் தெரியுமா?" வாய்க்காரிக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"மில்லுல நெசவுல இருந்தப்போ பொம்பளைங்க பேண்டு ஒண்ணு இருந்துச்சும்மா. நான் கார்னெட். இந்தப் பல்லு விளிம்புல இடிச்சு உதடெல்லாம் புண்ணாயிடும். எங்க ஃபிட்டர்தான், என்னை முன்னாடி உக்கார வெச்சுக்கிட்டு, கொஞ்சம் அராவுவார், வாயில வெச்சுப் பாக்கச் சொல்வார், மறுபடி அராவுவார். நகை செய்றவங்களுக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது. அப்புறம் ஆல்டோ ஹார்ன் வாசிச்ச பொண்ணு வேலையை விட்டுப் போயிட்டா. என்னை அங்க மாத்திட்டாங்க. வேற மவுத்பீஸ் எதுவும் என் பல்லுக்கு ஒத்துவரல. இதுக்கே காம்புல உறை போட்டுக் குடுத்தார். மில்லை மூடினப்போ ஹார்னைத் திருப்பிக் குடுத்தாச்சு. இது மட்டும் எங்கிட்ட நின்னுச்சு."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?" ஜட்ஜ் ஐயாவின் குரல் சிறுத்துப்போயிருந்தது.

"நீ ஹாஸ்டல்ல இருந்தே. லீவுக்கு வந்தா நீதான் பேசுவே. வக்கீலானப்புறம் கேக்கவே வேணாம். நடுவுல எங்கடா நான் சொல்றது?"

"ஆனா, சின்ன வயசுல நான் பியூகிள் ஊதினா பிடுங்கிப் பரண்மேல போட்டுடுவியே! உனக்குச் சங்கீதமே பிடிக்காதுன்னு நினைச்சுத்தான் நான் ஒண்ணையும் ஊதாம, வெறுமனே வாங்கி வாங்கி அடுக்கி வெச்சிருக்கேன்."

"சங்கீதம் பிடிக்கும்டா. நீ ஊதினதுதான் பிடிக்கல."

ஜட்ஜ் ஐயாவின் பார்வை மருந்துக் குப்பிமேல் போய் நின்றது.

"அப்போ... அந்தக் குளவி?"

"வாத்தியம் இல்லேன்னாலும் மவுத்பீஸை மட்டும் வெச்சு ஊதலாம்ல. நீ தூங்குறப்போ சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டு ஊதுவேன். நீ இதைத் தூக்கிட்டுப் போனப்புறம் புனலை வெச்சுப் பாத்தேன். நீ மருந்தை அடிச்சு அடிச்சு எனக்குத்தான் மூச்சு முட்டுது."

வாய்க்காரி மவுத்பீஸை ஆல்டோ ஹார்னில் செருகி நீட்டினாள். அக்கா வாங்கி மடியில் வைத்தார். கை தானாகப் போய் வால்வுகளில் உட்கார்ந்தது. முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை பசித்த கன்றுக்குட்டி ஒன்று கத்தியது. ஜட்ஜ் ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா ஒரு கையைத் தூக்கியதும் மூடிக்கொண்டார். அதற்கடுத்து வந்தது பழைய அணிவகுப்புப் பாட்டின் ஒரு வரி. இரண்டு இடங்களில் சறுக்கினாலும் நிற்காமல் கடைசிவரை போனது. பள்ளம் சரியாக அந்தத் தெத்துப்பல் இருக்கும் பக்கம் போய் உட்கார்ந்திருந்த அழகை வாய்க்காரி குனிந்து பார்த்தாள். அடையாளம் காட்டியது அவள்தான் என்று யாரும் சொல்லமுடியாது. சிரிக்கவைத்தது ஜட்ஜ் ஐயா. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லலையே?" என்றார்.

"இல்லைங்க."

"ம்." அது நிம்மதியான "ம்".

கண்காட்சிக்கு மவுத்பீஸைத் தர அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. வாயில் வைக்கிற சாமானைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். ஆகவே பெட்டிக்குள் ரோஸ் காளானைத்தான் வைத்தார்கள். நல்ல வேளையாக அதில் ஊறுகாய் வாடை போயிருந்தது. பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னவர் ஜட்ஜ் ஐயாதான். பொய்யை எவ்வளவு கம்பீரமாகச் சொன்னாரோ, அதைவிடக் கம்பீரமாக உண்மையைச் சொன்னார். தையல் மெஷினை அவர் வர்ணித்ததைக் கேட்டால் அதில் ஏறி யாரோ போருக்குப் போனதுபோல் இருக்கும்.

கண்காட்சி அன்று மேடையில் தீயணைப்புப் படையின் பேண்டு வாசித்தது. அவர்களுக்கு ஆல்டோ ஹார்ன் ஆள் கிடைக்காமல் ஒரு நாற்காலி காலியாகவே இருந்துவந்தது. வாய்க்காரி போய்ப் பேசினாள். அவள் பேசினால் முடியாது என்று சொல்வதற்கு இடைவெளி வேண்டுமே. அந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்தார். சீருடைச் சட்டை தோளில் தொங்கியது. பல் டாக்டர்கூட மாடியைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் இருந்தார்.

அணிவகுப்புப் பாட்டு பாதி வந்தபோது அக்காவுக்கு மூச்சு போதவில்லை. ஹார்னை மடியில் இறக்கிவைத்து, பக்கத்து டிராம்போன்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதுவரை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த ஜட்ஜ் ஐயா, பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார். ஜட்ஜே தட்டுகிறாரே என்று மண்டபம் முழுவதும் எழுந்து தட்டியது. தட்டல் நிற்பதாக இல்லை. பேண்டு மாஸ்டர் வேறு வழியில்லாமல் கையை இறக்கினார், திரும்பினார், சபைக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

அக்கா தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "டேய், உக்காருடா!" என்றார், மேடையிலிருந்தே.

மண்டபம் முழுவதும் உட்கார்ந்தது. மிச்சப் பாதியைப் பேண்டுக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.